கடைக்குட்டியின் மணி

எந்தப் பத்தில் விடுவது என்று ஜெசிந்தா இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பிதா சுதன் என்று நெற்றியிலிருந்து நெஞ்சுக்குக் கை இறங்கும்போதுகூட, முதல் பத்திலேயே விட்டுவிடுவோம், வலிக்கிற பல்லை முதலிலேயே பிடுங்கிவிடுவதுதான் புத்தி என்று நினைத்தாள். கை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்ச் சேர்வதற்குள், ஐயோ, எடுத்த எடுப்பிலா, பிள்ளை கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டுமே என்று மனசு மாறிவிட்டது. வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்தது. கஸ்பார் குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொரோனாவுக்குப் பிறகு முழங்காலில் நின்றால் அவருக்கு மூச்சு இழுக்கிறது, மாதாவும் ரயில்வேக்காரங்களுக்குக் கொஞ்சம் சலுகை கொடுப்பாங்க என்பார். டெல்சி பாயில் முழங்காலிட்டிருந்தாள். அவள் கையில் செபமாலை இல்லை. இருட்டில் மினுக்கும் அந்தப் பச்சை மணிமாலை படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இன்று வெறுங்கையோடு உட்காருவதாக டாக்டரிடம் அவளே ஒப்புக்கொண்டு வந்திருந்தாள். ஒரு மணிக்கு ஒரு செபம், ஒரு பத்துக்குப் பத்து மணி, அப்படி ஐந்து பத்து. இன்றைக்கு ஏதோ ஒரு பத்தில் ஒன்பதோடு நிறுத்தி அடுத்ததற்குப் போய்விட வேண்டும், திரும்பி வந்து அதைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் டாக்டர் கொடுத்த வேலை. ஒரே ஒரு மணி. அதைச் சொல்லும் நேரத்தில் அடுப்பில் பால்கூடப் பொங்காது. ஆனால் பரீட்சை தனக்கா பிள்ளைக்கா என்றே ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. “நீயே பாத்து விடும்மா, எந்தப் பத்துன்னு எனக்குத் தெரியக்கூடாது,” என்று டெல்சிதான் சொல்லியிருந்தாள், “தெரிஞ்சா நான் முன்கூட்டியே மனசுக்குள்ள ஒண்ணு சேத்துச் சொல்லி வச்சிருவேன்.” பதினேழு வயதுப் பிள்ளை, தன் மனசின் திருட்டுத்தனத்தை இப்படிக் கண்ணாடி மாதிரி பார்த்துச் சொல்கிறதே என்று டாக்டரம்மாகூடச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை, துயர மறையுண்மைகள், பத்துக்கு ஒன்றாக இயேசுவின் பாடுகள். முதலாவது, இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. அருள் நிறைந்த மரியே வாழ்க, என்று அவள் முதல் பாதியைச் சொல்ல, தூய மரியே இறைவனின் தாயே என்று அப்பாவும் மகளும் மறு பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், கஸ்பாரின் குரல் தண்டவாளத்தில் உருளும் டிராலி மாதிரி கட்டையாக, டெல்சியின் குரல் அதன்மேல் மெல்லிசாக. முதல் மணி கஸ்பாருக்கு. இது ஜெசிந்தாவின் வழக்கம், அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது, ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொள்வது. முதல் மணி புருஷனுக்கு, இரண்டாவது மஸ்கட்டில் இருக்கும் மூத்தவன் இன்பனுக்கு, மூன்றாவது கரூரில் கட்டிக்கொடுத்த ஆக்னசுக்கு, நான்காவது ஆக்னசின் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு, ஐந்தாவது நாத்தனார் செசிலிக்கு, ஆமாம் அவளுக்கும்தான், பகைவரையும் நேசிக்கச் சொல்லியிருக்கிறதே. ஆறும் ஏழும் செத்துப்போன பெற்றவர்களுக்கும் மாமனார் மாமியாருக்கும், எட்டு அடுத்த வீட்டு வியாகுலம் டீச்சருக்கு, ஒன்பது யாருமே நினைக்காத ஆத்துமாக்களுக்கு. கடைசி மணி கடைக்குட்டிக்கு. டெல்சி கோவிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய வருஷம், பிஞ்சு விரலைப் பிடித்து மணிமேல் வைத்து, “சும்மா வாயால மட்டும் சொல்லக் கூடாதுடி தங்கம், ஒரு மணிக்கு ஒரு ஆளு, அவங்க முகத்தை நினைச்சுக்கிட்டே சொல்லணும்,” என்று சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். நல்லதைத்தானே சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைக்குக் கத்தி கொடுக்கவில்லை, தீப்பெட்டி கொடுக்கவில்லை. இப்போது எந்த மணியை விட என்று பார்த்தால் மணிக்கு மணி ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. யாரை விடுவது? செசிலியை விட்டுவிடலாமா? சேசு மரி சூசை, அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை முந்நூறில் நிற்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் இந்த மணிதான் காரணம் என்று தோன்றுமே. தோன்றும் என்று நினைத்தவுடன் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. இதுதானே பிள்ளைக்கும் தோன்றியது. இதே இதுதானே. பத்தாவது மணி விரலுக்கு வந்துவிட்டது, சொல்லியும் முடித்துவிட்டாள். முதல் பத்து முழுசாகப் போயிற்று.

இரண்டாவது, கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. டாக்டர் பேர் ஷாஹிதா, மனநல டாக்டர். தலையில் முக்காடும் மூக்கில் சின்னக் கல்லும், பார்த்தால் ஸ்கூல் டீச்சர் மாதிரி இருந்தார். அவர் கிளினிக்கில் போய் உட்கார்ந்த அன்றைக்கு ஜெசிந்தா முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், தங்கள் பொன்மலை ஆள் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று. ஆனால் பெஞ்சில் இடமே மிச்சமில்லை. எத்தனை பிள்ளைகள். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு செல்போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், லாக்டவுனில் ரூமுக்குள் போனவன் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை என்று அவன் அப்பா நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லும்போதே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கை இரண்டும் சுண்ணாம்பில் ஊறியது மாதிரி வெளுத்து வெடித்துக் கிடந்தது. அதன் அம்மா பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி கேட்டாள், “உங்க பிள்ளைக்கு என்னங்க?” ஜெசிந்தாவுக்கு வேறு வார்த்தை வரவில்லை, “செபம்,” என்றாள். அந்த அம்மா தன் மகளின் கையைப் பார்த்துவிட்டு, “எம்பொண்ணுக்கு சோப்பு,” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஏனோ சிரித்துவிட்டார்கள், சிரித்த கையோடு இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது, அந்த அம்மா பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து டெல்சிக்குக் கொடுத்தாள். உள்ளே போனால் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பேர் சொன்னார். ஓ.சி.டி. ஈ.பி. மாதிரி, ஆர்.டி.ஓ. மாதிரி, ஏதோ ஆபீஸ் பேர் போல இருந்தது ஜெசிந்தாவுக்கு. இத்தனை நாள் வீட்டுக்குள் திரிந்தது ஒரு ஆபீஸ் பேரா என்று. “கொரோனா வந்ததாலயா டாக்டர்?” என்று கேட்டாள். “முன்னாடியே லேசா இருந்திருக்கலாம்மா. வீட்ல எல்லாரும் பயந்து கிடந்த நேரம், ஸ்கூல் இல்ல, ஃபிரண்ட்ஸ் இல்ல, அப்பா ஆஸ்பத்திரில. வளர்றதுக்கு எல்லாம் தோதா அமைஞ்சுபோச்சு. முன்னாடி எப்பவாவது ஒரு பிள்ளை இப்படி வரும். இப்ப பாத்தீங்கல்ல வெளிய.” பார்த்தாள். ஆறு வயசில் டெல்சி கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தரம் தொட்டுவிட்டுத்தான் படுக்க வருவாள், அதுவா, அது விளையாட்டு இல்லையா, எந்தப் பிள்ளைதான் தொடாது? எங்கே ஆரம்பித்தது என்று தேடினால் நூல்கண்டு சிக்கின மாதிரி, ஒரு முனையை இழுத்தால் இன்னொன்று இறுகுகிறது. எட்டாவது மணி. ஒன்பதாவது. விடலாம், இப்போது விடலாம். கஸ்பார் இருமினார். அந்த இருமல் கேட்டதும் விரல் தானாகவே பத்தாவது மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது, முள்முடி சூட்டப்பட்டது. அந்த இருமல். இரண்டாம் அலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனபோது தெருவில் ஒரு வீட்டு ஜன்னல்கூடத் திறக்கவில்லை, வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள், ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குகூட ஊதாத நாட்கள் அவை, சங்கு கேட்காத பொன்மலை பிணம் மாதிரி கிடந்தது. ஆக்சிஜன் வைத்திருக்கிறோம் என்று மட்டும் போனில் சொன்னார்கள். ஜெசிந்தா அழுதுகொண்டு சுருண்டு படுத்துவிட்டாள், சோறாக்கினது டெல்சி, போன் பேசினது டெல்சி, மாதா படத்துக்கு முன்னால் விடாமல் முழங்காலில் நின்றதும் டெல்சி. ஆன்லைன் கிளாஸ் பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், கேமராவை அணைத்துவிட்டு மேசைக்கடியில் மாலை உருளும். அவர் பிழைத்து வந்தார். மெலிந்து, தாடியோடு, வாசலில் நின்று தகரத்தைத் தட்டி, “டெல்சிக்குட்டி, அப்பா வந்துட்டேன்டா,” என்றார். அன்றைக்கு ஜெசிந்தா தன் வாயால் சொன்னாள், தெருவே கேட்கச் சொன்னாள், “எம்பொண்ணு செபம்தான் காப்பாத்துச்சு.” அது போதாதா. அடுத்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேர்கள் வர ஆரம்பித்தன. டெல்சி, எங்க மாமாவுக்குச் சீரியஸ்டா, ஒரு மாலை சொல்லும்மா. டெல்சி, எங்க சித்திக்கு. நீ சொன்னா மாதா கேப்பாங்க. பிள்ளை மாட்டேன் என்று சொல்லவே இல்லை. முகம் சிவந்து ஒரு மாதிரி வெளிச்சமாக இருந்தது, ஜெசிந்தா பெருமையில் பூரித்துப்போனாள், கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், இது கன்னியாஸ்திரி ஆகப்போற பிள்ளை, இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா என்றாள். இன்பன்கூட மஸ்கட்டிலிருந்து வீடியோவில், “சிஸ்டர் டெல்சி, எனக்கும் ஒரு இன்க்ரிமென்ட் வாங்கிக் குடுங்க,” என்பான். வியாகுலம் டீச்சர் தன் தம்பி பேரைக் கொண்டுவந்தாள். நாற்பது வயசு, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தத் தம்பி போய்விட்டான். அன்றைக்கு டெல்சி சாப்பிடவில்லை. இரக்கத்தில் சாப்பிடவில்லை என்றார்கள் எல்லாரும். அவள் மட்டும் கையை மடித்து மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள், எங்கே தப்பினேன், எந்த மணியில் தூங்கிவிட்டேன் என்று.

இந்தப் பத்தும் முடிந்துவிட்டது. முடிந்ததே ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு பத்தின் முடிவிலும் வரும் திரித்துவப் புகழைக் கஸ்பார் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. டெல்சி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, விட்டுட்டியா, விடப்போறியா? ஜெசிந்தா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். நான்காவது, சிலுவை சுமந்தது. அப்போதுதான் பார்த்தாள், தொடைமேல் விரித்து வைத்திருந்த டெல்சியின் கைவிரல்கள் அசைவதை. வலது கட்டைவிரல் பாவாடையை ஒரு அழுத்து, அப்புறம் ஆள்காட்டி, அப்புறம் நடுவிரல். எண்ணுகிறாள். மாலையைக் கழற்றி வைத்தாலும் கடவுள் கொடுத்த பத்து மணி கையிலேயே இருக்கிறதே, அதைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா? டாக்டரிடம் சொல்ல வேண்டுமோ? வேண்டாம், பாவம், எண்ணிக்கொள்ளட்டும், ஆற்றில் போகிறவளுக்கு அந்தத் துரும்பாவது இருக்கட்டும். தூய மரியே, இறைவனின் தாயே. அந்தக் குரல் இப்போது ஓடுகிறது, நிற்காமல் ஓடுகிறது, நன்றி மாதாவே, ஏனென்றால் ஒரு காலத்தில் இந்தப் பாதியைத் தாண்ட அவளுக்கு இரவெல்லாம் ஆகும். எங்கள் இறப்பின் வேளையிலும் என்று வருமே, அந்த இடம். இறப்பு என்கிற வார்த்தை வாயில் இருக்கும்போது அப்பாவின் முகம் மனசில் வந்துவிட்டால், அப்பா சாகட்டும் என்று கேட்டதாக ஆகிவிடுமாம். அதனால் திரும்ப முதலிலிருந்து. வேறு முகம், கஷ்டப்பட்டு ஒரு மரம், ஒரு சுவர், எதையாவது நினைத்துக்கொண்டே தாண்டப் பார்ப்பாள், தாண்டும் நொடியில் அப்பா வந்து நிற்பார். திரும்ப முதலிலிருந்து. முழங்கால் கறுத்துக் காய்த்து, புண்ணாகி, அந்தப் புண்மேலேயே நின்று. “அம்மா, சரியாச் சொன்னேனா?” “சரியாச் சொன்னேடி தங்கம்.” “நல்லாக் கேட்டியா? இறப்பின்னு சொல்லும்போது நான் கண்ணை மூடலையே?” “மூடலைடி.” “சத்தியமா?” “மாதா மேல சத்தியமா.” சத்தியம் பண்ணினால் அமைதியாகும் என்று நினைத்தாள், காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி, துணி காயக் காய இன்னும் இன்னும் கேட்டது அந்தக் காய்ச்சல். கோவிலில் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் இவள் எழுந்திருக்க மாட்டாள், உபதேசியார் சாவிக்கொத்தோடு வாசலில் நின்று ஆட்டிக்காட்டுவார். பங்குச்சாமியார்தான் ஒரு நாள் கூப்பிட்டு, “ஜெசிந்தாம்மா, பிள்ளை செபிக்கலை, செபத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்றார். கோபமாக வந்தது அவளுக்கு. சாமியாரே இப்படிச் சொன்னால்? செசிலி இன்னும் ஒரு படி மேலே, “அண்ணி, மத்த பிள்ளைங்க செல்போனோட சுத்துது, இது மாலையோட இருக்குது, இதுக்குப் போயி மாத்திரையா? உங்களுக்குத்தான் முதல்ல மாத்திரை குடுக்கணும்!” என்றாள். அன்றைக்குச் செசிலி பேச்சு இனித்தது. அதற்காகவே ஐந்தாவது மணியில் அவளுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்திச் செபித்தாள்.

டாக்டர் ஒன்று சொன்னார், அது மட்டும் ஜெசிந்தாவுக்குத் தைத்தது. “நீங்க செபம் பண்ணி முடிச்சா எப்படிம்மா இருக்கும்?” “மனசு லேசா இருக்கும் டாக்டர்.” “டெல்சிக்கு முடியவே முடியாது. அதான் வித்தியாசம். நான் அவ செபத்தைப் பிடுங்க வரலை. எங்க வீட்லயும் தஸ்பீஹ் மணி உருட்டுறவங்கதான். முடிக்கிறதுக்கு அவளுக்குச் சொல்லித் தரணும், அவ்வளவுதான்.” மாத்திரையோடு பயிற்சியும் உண்டு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏற்றினார், அம்மாவிடம் சரியா என்று கேட்கக் கூடாது, அம்மா சரி என்று சொல்லக் கூடாது, அப்புறம் வார்த்தை தடுக்கினாலும் திரும்பப் போகக் கூடாது, அப்புறம் இது. பிள்ளை ஒவ்வொரு படியிலும் வியர்த்து நடுங்கி ஏறியது, ஒரு நாள் வாந்தி எடுத்தது, ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தது, பத்தாம் வகுப்பு முழுக்கப் பாழாய்ப் போனதை நினைத்து ஒரு நாள் பொருமிப் பொருமி அழுதது. ஏறுகிறது. ஆனால் ஏறினவள் இந்தப் படியில் வழுக்கினால்? இன்றைக்கு அம்மா விட்டுவிட்டு, அந்தப் பயத்தைத் தாங்க மாட்டாமல் பிள்ளை எழுந்து போய் அந்தப் பச்சை மாலையை ஆணியிலிருந்து பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பித்தால்? மறுபடி காய்ப்பு, மறுபடி புண், உபதேசியார், சாவிக்கொத்து. “ஒம்போதா பத்தான்னு கேட்டா நான் என்ன டாக்டர் சொல்றது? பொய் சொல்லணுமா?” என்று ஜெசிந்தா கேட்டதற்கு அவர், “பொய் வேண்டவே வேண்டாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு சொல்லுங்க,” என்றார். அதையும் மாவரைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கஸ்பார் கேட்டுவிட்டு, “என்னடி எலெக்‌ஷன்ல நிக்கிற மாதிரி பேசுற,” என்று கேலி பண்ணினார். எல்லாம் மனப்பாடம். விடத்தான் வரவில்லை. நான்காவது பத்தின் நான்காவது மணியில், ஆக்னசின் வயிற்றுப் பிள்ளையில், விரல் கொஞ்சம் நின்றது. இன்னும் முகம் இல்லாத பிள்ளை, முகமே இல்லாததால் யாருக்கும் தெரியாதே, இதை விட்டால்? நினைத்தவுடனே தன் வயிற்றையே பிடித்துக்கொண்டாள். எந்தத் தாயாவது? அவசர அவசரமாக அதைச் சொன்னாள், வழக்கத்தைவிட உரக்கவே சொல்லிவிட்டாள், டெல்சி திரும்பிப் பார்த்தாள். நான்காவது பத்தும் முழுசு.

ஆக, இனி ஒன்றுதான். ஐந்தாவது, சிலுவையில் அறையுண்டு இறந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை, மறுபடி உதைத்தார்கள். கஸ்பாருக்கு ஒன்று. உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தோத்திரம். இன்பனுக்கு ஒன்று. ஆக்னசுக்கு, வயிற்றுக்கு. செசிலிக்கு, போகட்டும். செத்தவர்களுக்கு இரண்டு, அவர்களுக்கு இனி என்ன ஆகப்போகிறது, அவர்களில் ஒன்றை விட்டிருக்கலாமோ, தாண்டிவிட்டதே. டீச்சருக்கு ஒன்று. அந்த டீச்சர் இப்போதும் டெல்சியைக் கண்டால் தலையைத் தடவித்தான் போகிறாள். தம்பி செத்ததற்கு யாரையும் குறை சொன்னதே இல்லை, குறை சொன்னது பிள்ளையின் தலைக்குள்ளே இருந்த ஏதோ ஒன்று, அதற்கு இப்போது பேர் இருக்கிறது, பேர் இருக்கிற எதையும் பேர் சொல்லி அதட்டலாம் என்று டெல்சியே சொல்கிறாள். ஒன்பதாவது, யாருமே நினைக்காத ஆத்துமாக்களுக்கு. டெல்சியின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பாவாடையில் இறங்கிக்கொண்டே வந்து, இடது சுண்டுவிரல் மட்டும் மேலே நின்றது, காத்துக்கொண்டு. பத்தாவது மணி ஜெசிந்தாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. தேய்ந்து வழுவழுத்த மரமணி, மற்ற மணிகளைவிடக் கொஞ்சம் சின்னதாகவே ஆகிவிட்டிருந்தது, அத்தனை வருஷம் அதை மட்டும் அவள் கூடுதலாகப் பிடித்திருக்கிறாள். டெல்சிக்கு அம்மை போட்டபோது, சைக்கிளிலிருந்து விழுந்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை இந்தப் பாயிலேயே முழங்கால் புண்ணோடு தூங்கி விழுந்தபோது, எத்தனை தரம் இதைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளையை மட்டும் ஒன்றும் பண்ணிவிடாதே என்று. ஊர்ப் பேரையெல்லாம் பிள்ளை சுமந்தது, பிள்ளையின் பேரை இந்த மணி சுமந்தது. வேறு யாருடைய மணியையும் விடுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாள் ஜெசிந்தா. இது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. மாதாவே, நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, அது சிலுவையைச் சுமந்துகொண்டு போகும்போது வழியிலே நின்று பார்த்தவள்தானே, ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்ளவில்லையே நீ. அருள் என்று தொடங்கத்தான் வாய் தெரிந்துவைத்திருந்தது, அறுபதைத் தொடப்போகிற வாய், வேறு எதுவும் அதற்கு இந்த இடத்தில் வராது. டெல்சியின் விரலைப் பார்த்தாள். சுண்டுவிரல் நின்றுகொண்டிருந்தது. ஜெசிந்தா மணியைத் தாண்டினாள்.

“பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும்,” என்றாள். வெளியே ஸ்கூட்டர் திடீரென்று பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனது. கஸ்பார்தான் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார், “தொடக்கத்தில் இருந்ததுபோல…” டெல்சியின் வாய் அசையவில்லை. முகத்திலிருந்து நிறம் இறங்கிப்போயிருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை, இடது சுண்டுவிரல் இன்னும் கீழே வராமல் காற்றில் நின்றது. முடிவுச் செபங்களைக் கஸ்பாரும் ஜெசிந்தாவும்தான் சொன்னார்கள், பாதியில் டெல்சியின் குரல் வந்து சேர்ந்தது, போனது, மறுபடி வந்தது. சிலுவை போட்டு முடித்த பிறகும் யாரும் எழவில்லை. “அம்மா.” “என்னடா.” “ஒம்போதுதானே?” ஜெசிந்தாவின் வாய்வரைக்கும் வந்தது, இல்லடி தங்கம், பத்துதான், அம்மா மனசுக்குள்ள சொல்லிட்டேன், மாதா மேல சத்தியமா. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். “இருக்கலாம்,” என்றாள், “இல்லாமலும் இருக்கலாம்.” “அம்மா, ப்ளீஸ்ம்மா. ஒரே ஒரு தடவை சொல்லிரு, இனிமே கேக்கவே மாட்டேன்.” “இருக்கலாம்டா. இல்லாமலும் இருக்கலாம்.” “போம்மா,” என்றாள் டெல்சி, கண்ணில் தண்ணீர் நின்றது, “பெரிய எம்.எல்.ஏ.” கஸ்பார் சிரிக்கப் போய், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமலாக மாற்றிக்கொண்டார். டெல்சி ஆணியைப் பார்த்தாள். பச்சை மாலை அசையாமல் தொங்கியது. எழுந்துவிடுவாள் என்று ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெல்சி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், சின்ன வயசில் ஊசி போடும்போது உட்காருவாளே, அதே மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு. கஸ்பார் நாற்காலியை விட்டு மெதுவாக இறங்கி, முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, பாயில் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பயம் ஏறி ஏறி வந்து ஒரு உச்சியில் நின்று தானே இறங்கும், நீங்க அதை இறக்கிவிடப் போகாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறக்கிவிடாமல் ஒரு தாய் என்ன செய்வாள்? தோசை ஊற்றப் போனாள்.

கல்லைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தக்காளிச் சட்னியைக் கிண்ணத்துக்கு மாற்றினாள். மாலை இன்னும் இடது கையிலேயே சுற்றியிருந்தது, சுற்றினபடியே மாவைக் கலக்கினாள். கூடத்தில் சத்தமே இல்லை. ஐயோ, என்ன பண்ணுகிறாளோ. இவ்வளவு நேரம் அந்த மணி எங்கே போயிற்று? சொல்லாத செபம் எங்கே போய்த் தங்கும்? பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை, பிரசவத்தன்றுகூட விட்டதில்லை, இன்றைக்குப் போய் பிள்ளை இப்படி உட்கார்ந்து நடுங்குகிற அன்றைக்கா, அவளுக்கு அது அதிகம் தேவைப்படுகிற அன்றைக்கா அவள் மணி இல்லாமல் போக வேண்டும்? அவளுக்குத்தானே விடச் சொன்னார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? எனக்கு எந்த ஓ.சி.டி.யும் இல்லை. நான் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது, தோசைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? கட்டைவிரல் தடவிப் பார்த்தது, தேடவே வேண்டியிருக்கவில்லை, தேய்ந்த மணி தானே வந்து விரலுக்குள் உட்கார்ந்தது. மாவை ஊற்றினாள், சுர்ரென்றது. அந்தச் சுர்ருக்கு அடியில், உதடு மட்டும், சத்தமில்லாமல், அருள் நிறைந்த—

“அம்மா!”

கூடத்திலிருந்து டெல்சியின் குரல். அழுது கரகரத்த குரல்தான், ஆனால் அதில் அவளுடைய பழைய வம்பு கொஞ்சம் இருந்தது, தட்டில் கடைசி அப்பளத்தை அம்மா இன்பனுக்கு ஒளித்து வைக்கும்போது கண்டுபிடித்துக் கத்துவாளே, அந்தக் குரல்.

“அங்க நின்னு எனக்காக அதைச் சொல்லாத. எனக்குத் தெரியும் உன்னை.”

ஜெசிந்தாவின் உதடு அப்படியே நின்றது. தோசை ஓரம் சிவந்து கல்லிலிருந்து தானே விலகிக்கொண்டு வந்தது. மாலையைக் கையிலிருந்து சுருள் சுருளாகக் கழற்றி, ஜன்னல் கம்பியில் மாட்டினாள். “சொல்லலைடி,” என்றாள், பிறகு, “உனக்கு எத்தனை தோசை?” என்றாள்.

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“எண்ணாம ஊத்தும்மா.”